இளையோர் கூடைப்பந்தில் வெல்லும் மாலி, முதன்மை அணியில் ஏன் தடுமாறுகிறது?

நடுக்கோடு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

2019 ஜூலை 7 அன்று, கிரீட் தீவின் ஹெராக்லியோன் நகரில், 19 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பைக் கூடைப்பந்தின் இறுதி ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் அமெரிக்கா, மறுபக்கம் மாலி. பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா நடத்தும் உலக அளவிலான ஆடவர் போட்டி எதிலும் அதற்கு முன் ஓர் ஆப்பிரிக்க நாடு இறுதி ஆட்டம் வரை வந்ததில்லை. அரையிறுதியில் பிரான்சை 76-73 என்று மூன்றே புள்ளிகளில் தாண்டி வந்த மாலி, இறுதியில் 79-93 என்று தோற்றது. அந்தத் தொடரின் சிறந்த ஐவரில் இருவர், சிரிமான் கனூத்தேயும் உமர் பாலோவும், மாலிக்காரர்கள்.

அந்த அணி வானத்திலிருந்து குதித்து வந்ததன்று. அதற்கு முந்தைய ஆண்டு மாலியின் தலைநகர் பமாகோவில் நடந்த 18 வயதுக்கு உட்பட்டோர் ஆப்பிரிக்கப் போட்டியில் செனகலை வென்று பட்டம் பெற்ற தலைமுறை அது. மகளிர் பிரிவைச் சொல்லவே வேண்டாம். 2010களில் அந்தப் பட்டம் மாலியின் குடும்பச் சொத்துப் போலவே இருந்தது. 2021இல் ஹங்கேரியின் டெப்ரெசென் நகரில் நடந்த 19 வயதுக்கு உட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் மாலி நான்காம் இடம் பிடித்தது.

ஆனால் வயது வரம்பில்லாத முதன்மை அணிகளின் கதை வேறு. ஆப்பிரிக்க நாடுகளின் முதன்மை அணிகள் மோதும் ஆஃப்ரோபாஸ்கெட் பட்டத்தை மாலி ஆடவர் ஒருமுறைகூட வென்றதில்லை. மகளிர் ஒரே ஒரு முறை, 2007இல் டாக்காரில் வென்றனர். டெப்ரெசென் சாதனைக்கு அடுத்த ஆண்டே, சிட்னியில் நடந்த மகளிர் உலகக் கோப்பையில் ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் மாலி தோற்றது.

பதினெட்டு வயதில் கண்டத்தையே ஆளும் ஒரு நாடு, இருபத்துமூன்று வயதில் ஏன் காணாமல் போகிறது? விவரம் அறிந்தவர்கள் எழுதுங்கள்.

கரிசல்

எல்லாரும் சொல்லத் தயங்குவதை நானே சொல்லிவிடுகிறேன். காரணம் வயது. பதினெட்டு என்று பதிவு செய்யப்பட்டவர் உண்மையில் இருபதோ இருபத்தொன்றோ ஆக இருந்தால், இளையோர் போட்டியில் அவர் மலைபோல் தெரிவார்; முதன்மை அணிக்கு வரும்போது எதிரணியினரும் அதே வளர்ச்சியை அடைந்திருப்பதால் அந்த வேறுபாடு கரைந்துவிடும். நீங்கள் கேட்கும் கேள்விக்கு இதைவிட எளிய விடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முன்னாள் நடுவர்

எளிய விடை என்பதாலேயே அதைச் சற்று அழுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது, கரிசல் ஐயா.

சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பிறப்புப் பதிவு இருப்பதாக யுனிசெஃப் கணக்குகள் சொல்கின்றன. பிறந்தபோது பதியாத ஒருவருக்குப் பின்னாளில் கடவுச்சீட்டு எடுக்கும்போது எழுதப்படும் தேதிதான் பிறந்த தேதி. அதில் ஏமாற்று நோக்கம் எதுவும் இல்லாமலேயே பிழை நுழையலாம், நோக்கத்தோடும் நுழையலாம். ஆப்பிரிக்க இளையோர் விளையாட்டு முழுவதும், கால்பந்து உட்பட, இந்த நிழலைச் சுமந்துகொண்டுதான் நடக்கிறது.

ஆனால் உங்கள் விளக்கம் சரியென்றால் வேறு சிலவும் சரியாக இருக்கவேண்டும். பிறப்புப் பதிவு வலுவாக உள்ள நாடுகள் இந்தப் போட்டிகளில் பின்தங்கியிருக்க வேண்டும். அப்படி இல்லை. பதிவு நடைமுறை நெடுங்காலமாக வேரூன்றிய எகிப்து 2008, 2010, 2014, 2022 ஆகிய ஆண்டுகளில் 18 வயதுக்கு உட்பட்ட ஆடவருக்கான ஆப்பிரிக்கப் பட்டத்தை வென்றிருக்கிறது. மேலும், வயதைக் குறைத்துக் காட்டியவர் இளமையில் உச்சத்தைத் தொட்டு அதற்குப் பின் வளராமல் நிற்பார் என்பதுதான் உங்கள் வாதத்தின் அடித்தளம். சீகா கோனே 2021இல் டெப்ரெசெனில் சிறந்த ஐவரில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் மகளிர் பிரிவு நடத்தும் புதியவர் தேர்வில் எடுக்கப்பட்டார், அதே ஆண்டு சிட்னியில், தோற்றுக்கொண்டிருந்த அணியில் தனித்து நின்று ஆடினார். வளர்ச்சி நின்றுபோனவரின் வரலாறு இப்படி இராது. தோற்றது அணி, ஆட்டக்காரர் தேய்ந்துவிடவில்லை.

ஆகையால் கேள்வியை மாற்றிக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். ஆட்டக்காரர்கள் வளர்கிறார்கள், அணி ஏன் வளரவில்லை?

போர்ட் லூயி வாசி

இந்த விவாதத்துக்குள் போகும் முன், போட்டியின் அமைப்பைப் புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அமைப்பு தெரியாமல் பதினெட்டு வயதில் ஏன் இவ்வளவு வெறியோடு ஆடுகிறார்கள் என்பது விளங்காது.

இரட்டைப்படை ஆண்டுகளில் 18 வயதுக்கு உட்பட்டோர் ஆப்பிரிக்கப் போட்டி நடக்கும். அடுத்த ஆண்டு, அதே தலைமுறைக்கு ஒரு வயது கூடியிருக்கும்போது, 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை. அதன் பதினாறு இடங்களில் ஆப்பிரிக்காவுக்கு இரண்டு. ஐரோப்பாவுக்கு ஐந்து, அமெரிக்கக் கண்டங்களுக்கு நான்கு, ஆசியாவுக்கும் ஓசியானியாவுக்கும் சேர்த்து நான்கு, போட்டியை நடத்தும் நாட்டுக்கு ஒன்று. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளைக் கொண்ட ஒரு கண்டத்துக்கு இரண்டே இரண்டு நாற்காலிகள். எனவே ஆப்பிரிக்க இளையோர் போட்டியில் உண்மையான இறுதி ஆட்டம் என்பது அரையிறுதிதான். அதில் வென்றவர் உலகக் கோப்பைக்குப் போகிறார். தோற்றவர் மூன்றாம் இடத்துக்கான பதக்கத்தோடு வீட்டுக்குப் போகிறார். அரையிறுதிகளைப் பார்த்துவிட்டு மறுநாள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தால், சில ஆண்டுகளில் இறுதி சற்று மந்தமாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

16 வயதுக்கு உட்பட்டோர் போட்டியும் இதே முறையில் 17 வயது உலகக் கோப்பையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அந்த உலகக் கோப்பை 2010இல் ஹாம்பர்க்கில் தொடங்கியது. அதற்குத் தகுதி காணவேண்டியிருந்ததால்தான் 2009இல் மொசாம்பிக்கில் முதல் ஆப்பிரிக்கப் போட்டி நடத்தப்பட்டது. 2017இல் அது எங்கள் மொரீஷியஸுக்கு, வாக்குவா-ஃபீனிக்ஸ் நகருக்கு வந்தது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் அந்தப் பகுதியில் கூடைப்பந்து என்பது பள்ளி மைதானத்து விளையாட்டு. எகிப்தின் ஒழுங்கையும் மாலியின் வேகத்தையும் ஒரே அரங்கில் பார்த்தபோது எங்களுக்கும் கண்டத்துக்கும் உள்ள தூரம் புரிந்தது.

போட்டியை நடத்துவதன் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 2022இல் அந்தனனரிவோவில் நடந்த 18 வயதுப் போட்டியில் மடகாஸ்கர் ஆடவர், சொந்த ஊர்க் கூட்டத்தின் ஆரவாரத்தோடு இறுதிக்கு வந்து, எகிப்திடம் தோற்றாலும் 2023 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றனர். உலகக் கோப்பையில் அவர்கள் பட்ட அடி வேறு கதை. அமெரிக்கா இருந்த பிரிவில் போய் விழுந்தார்கள்.

கரிசல்

முன்னாள் நடுவரின் எகிப்து எடுத்துக்காட்டு என்னை யோசிக்க வைக்கிறது. வயது ஒன்றே காரணம் என்று நான் சொன்னதை, வயதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று குறைத்துக்கொள்கிறேன். ஆனால் 2022இல் மாலி ஆடவர் மீண்டும் ஆப்பிரிக்கப் பட்டம் வென்றதாக நினைத்திருந்தேன். எகிப்தா?

போர்ட் லூயி வாசி

எகிப்துதான். 2022இல் பட்டம் வென்றது மாலி மகளிர். இரண்டு போட்டிகளும் ஒரே நகரில் நடந்ததால் குழப்பம் இயல்பே.

தென்றல்

நடுவர் ஐயா மாற்றிக் கேட்ட கேள்விக்கு என்னால் இயன்ற விடை இது. சற்று நீளமாக இருக்கும், பொறுத்தருளுங்கள்.

உமர் பாலோவின் பாதையைப் பாருங்கள். மாலியின் கூலிகோரோவில் பிறந்தவர். சிறுவனாகவே கானரித் தீவுகளில் உள்ள பயிற்சிக்கூடத்துக்குப் போனார். அங்கிருந்து மெக்சிகோவில் என்.பி.ஏ. நடத்தும் பயிற்சிக்கழகம், அதன்பின் அமெரிக்காவில் கொன்சாகா, அரிசோனா, இந்தியானா என்று மூன்று பல்கலைக்கழகங்கள். ஹெராக்லியோன் இறுதியில் ஆடியபோது அவருக்குப் பதினேழு வயது நிறைய இன்னும் சில நாள்கள் இருந்தன. சீகா கோனேயும் கிரான் கானரியாவில் வளர்ந்தவர். ஸ்பெயினின் அந்தத் தீவுகள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அருகில் இருப்பது ஒரு நிலவியல் விவரம் மட்டுமன்று. அது ஒரு முழுத் தலைமுறை கடந்துசெல்லும் வாசற்படி.

செனகலில் இன்னொரு வாசற்படி இருக்கிறது. சாலி நகரில் உள்ள என்.பி.ஏ. ஆப்பிரிக்கப் பயிற்சிக்கழகம், கண்டம் முழுவதிலிருந்தும் ஆண்டுதோறும் சிலரைப் பொறுக்கியெடுக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. அதன் பயன் கண்கூடு. கமரூனின் உல்ரிச் ஷோம்ஷே அங்கிருந்தே நேராக 2024 என்.பி.ஏ. தேர்வில் எடுக்கப்பட்டார். உகாண்டாவில் அகதிக் குடும்பத்தில் வளர்ந்து கூடைப்பந்து கற்ற தெற்கு சூடானின் காமான் மலுவாச், அங்குப் பயின்று, டியூக் பல்கலைக்கழகம் சென்று, 2025இல் பத்தாவது ஆட்டக்காரராகத் தேர்வானார்.

பயிற்சிக்கழகங்களை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஓர் ஆட்டக்காரர் தன் நாட்டு அணியோடு சேர்ந்து வாழும் காலம் எது என்று பாருங்கள். இளையோர் போட்டிகள் பெரும்பாலும் ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் வருகின்றன. பள்ளி விடுமுறை, கிளப்புகளுக்கும் ஓய்வு. வெளியே சிதறிக் கிடப்பவர்களும் வந்து சேரலாம். முதன்மை அணியின் தகுதிச் சுற்றுகளோ 2017 முதல் நவம்பர், பிப்ரவரி மாதங்களிலும் நடக்கின்றன. அந்த நாள்களில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆடுபவர் வரமுடியாது, என்.பி.ஏ.வில் ஆடுபவர் வரமுடியாது; ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் எளிதில் விடுவதில்லை. எனவே பதினெட்டு வயதில் ஒன்றாக ஆடிய பன்னிரண்டு பேர், அதன்பின் மூன்று நான்கு ஆண்டுகள் ஒருவரையொருவர் ஆடுகளத்தில் பார்ப்பதே அரிது. ஆஃப்ரோபாஸ்கெட் இறுதிச் சுற்று ஆகஸ்டில்தான் வருகிறது என்பது உண்மை. ஆனால் இரண்டு வாரப் பயிற்சியில் ஒட்டவைத்த அணிக்கும், பதினாறு வயது முதல் ஒன்றாக வளர்ந்த அணிக்கும் வேறுபாடு தெரியத்தானே செய்யும்?

2019 மாலி அணியின் வலிமை எதில் இருந்தது? ஆடுகளம் முழுவதும் எதிரியை நெருக்கிப் பிடித்து, பந்தைப் பறித்து, தவறிய வீச்சுகளை எதிரியின் கூடைக்கடியிலேயே மீண்டும் எடுத்துப் போடுவதில் இருந்தது. தூரத்திலிருந்து வீசுவது அவர்களின் பலமன்று. அத்தகைய தடுப்பாட்டம் தனித்திறமையால் வருவதன்று. யார் எங்கே நிற்பார், யார் எப்போது மாறுவார் என்று உடம்பு அறிந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழாத அணி முதலில் இழப்பது அதைத்தான்.

பாலைவனப் பந்து

தென்றல் அவர்கள் சொன்னதில் எனக்கு உடன்பாடே. ஆனால் சிதறிப்போவது மாலியின் பிரச்சினை மட்டுமன்று. நைஜீரியாவும் அப்படித்தானே? நைஜீரிய மகளிர் 2017 முதல் 2025 வரை தொடர்ந்து ஐந்து முறை ஆஃப்ரோபாஸ்கெட் பட்டத்தை வென்றிருக்கிறார்கள். 2021, 2025 ஆகிய இரண்டு இறுதிகளிலும் தோற்றது மாலி. பாரிஸ் ஒலிம்பிக்கில் காலிறுதிக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்கக் கூடைப்பந்து அணியும், ஆடவர் மகளிர் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன், அவர்களே. இத்தனைக்கும் 2022இல் ஃபீபா அவர்களைத் தடை செய்து வைத்திருந்தது!

முன்னாள் நடுவர்

ஒரு திருத்தம். 2022இல் தடை விதித்தது ஃபீபா அன்று. நைஜீரிய அரசே, கூட்டமைப்புக்குள் நடந்த பூசலைக் காரணம் காட்டி, மே மாதத்தில் எல்லாப் பன்னாட்டுக் கூடைப்பந்துப் போட்டிகளிலிருந்தும் இரண்டு ஆண்டுகள் விலகுவதாக அறிவித்தது. அடுத்த மாதமே அந்த முடிவை மாற்றிக்கொண்டது. அதற்குள் ஃபீபா நைஜீரியாவை நீக்கிவிட்டு மகளிர் உலகக் கோப்பையில் அந்த இடத்தை மாலிக்குக் கொடுத்துவிட்டது. நடுக்கோடு முதலில் குறிப்பிட்ட ஐந்து தோல்விகளையும் இந்தப் பின்னணியோடு பார்க்கவேண்டும். மாலி அந்தத் தொடருக்குத் தகுதி பெற்ற அணியன்று, கடைசி நேரத்தில் அழைக்கப்பட்ட அணி.

நைஜீரியாவின் சிதறல் வேறு வகை. அவர்களின் முதன்மை மகளிர் அணியில் பலர் அமெரிக்காவிலேயே பிறந்து, அங்குள்ள பல்கலைக்கழகங்களில் வளர்ந்து, பிறகு பெற்றோரின் நாட்டைத் தேர்ந்துகொண்டவர்கள். அவர்கள் ஆப்பிரிக்க இளையோர் போட்டிகளில் ஆடியவர்களே அல்லர். எனவே நைஜீரியாவுக்கு இளையோர் பட்டமும் முதன்மைப் பட்டமும் இரண்டு வேறு கிணறுகளிலிருந்து இறைத்த நீர். மாலிக்கு ஒரே கிணறு. பிரான்சில் மாலி வேர்கொண்ட குடும்பங்கள் ஏராளமாக இருந்தாலும், அங்கே வளரும் மிகச் சிறந்த பிள்ளைகளில் பலர் பிரெஞ்சு இளையோர் அணிக்கே முதலில் போய்விடுகிறார்கள்.

போனவர் திரும்புவதும் எளிதன்று. பதினேழு வயது நிறைந்தபின் ஒரு நாட்டுக்காக ஃபீபாவின் அதிகாரபூர்வப் போட்டியில் ஆடியவர் பொதுவாக இன்னொரு நாட்டுக்கு ஆடமுடியாது. இளையோர் போட்டி ஒருவரின் எதிர்காலத்தைக் கட்டிப்போடும் என்பதற்கு ஹக்கீம் ஒலாஜுவானைவிட நல்ல சாட்சி இல்லை. லாகோஸில் ஹேண்ட்பால் ஆட்டத்திலிருந்து கூடைப்பந்துக்கு வந்த அவர், 1980இல் நைஜீரிய இளையோர் அணிக்காக ஆடினார். 1993இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பின்னும், 1996 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கு ஆட அவருக்கு ஃபீபாவின் சிறப்பு அனுமதி தேவைப்பட்டது. பதினேழு வயதுப் பையன் ஆடிய சில ஆட்டங்கள், பதினாறு ஆண்டு கழித்து வழிமறித்தன.

பாலைவனப் பந்து

திருத்தத்துக்கு நன்றி. தடை என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தேன்.

தென்றல்

மாலி மகளிரைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோவது நேர்மையாகாது. 2021இல், டெப்ரெசெனில் அந்தப் பெண்கள் நான்காம் இடம் பிடித்த அதே கோடையில், மாலியின் இளம் வீராங்கனைகள் பயிற்சியாளர்களால் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாக மனித உரிமை அமைப்பும் பத்திரிகைகளும் வெளிப்படுத்தின. இளையோர் அணிப் பயிற்சியாளர் ஒருவர் கைது செய்யப்பட்டு வழக்குத் தொடரப்பட்டது. மாலிக் கூட்டமைப்புக்கு முன்பு தலைமை தாங்கி, பின்னர் ஃபீபாவின் தலைவராகியிருந்தவர், விசாரணை முடியும்வரை பதவியிலிருந்து ஒதுங்கி நின்றார்.

அணி ஏன் வளரவில்லை என்று கேட்கிறோம். பதினாறு, பதினேழு வயதுப் பெண்களுக்கு அணியில் இடம் என்பது வெளிநாட்டுக் கல்விக்கும் வருமானத்துக்கும் ஒரே கதவாக இருக்கும்போது, அந்தக் கதவின் சாவி ஒருவர் கையில் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது விடை. எத்தனை பேர் புகார் சொல்லாமல் ஆட்டத்தையே விட்டுப் போயிருப்பார்கள் என்பது எந்தப் பதக்கப் பட்டியலிலும் வராது.

நடுக்கோடு

தென்றல் எழுதியதைப் படித்தபின் நெடுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. டெப்ரெசென் நான்காம் இடத்தை நான் வெறும் சாதனையாக முதல் பதிவில் எழுதியிருந்தேன்.

ஆடவர் பக்கம் இன்னொரு கோணத்தை முன்வைக்கிறேன். அங்கோலாவை எடுத்துக்கொள்ளுங்கள். இளையோர் போட்டிகளில் அங்கோலா அண்மைக் காலத்தில் எப்போதாவதுதான் மேலே வருகிறது. 2016இல் கிகாலியில் 18 வயதுப் பட்டம் வென்றது. ஆனால் முதன்மை அணி 1989 முதல் பன்னிரண்டு முறை ஆஃப்ரோபாஸ்கெட் பட்டம் பெற்றிருக்கிறது. வேறெந்த நாடும் அருகில்கூட இல்லை. என்ன வேறுபாடு? அங்கோலாவில் சம்பளம் கொடுக்கும் உள்நாட்டு லீக் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. பெட்ரோ டி லுவாண்டா, பிரிமெய்ரோ டி அகோஸ்டோ போன்ற கிளப்புகள் சிறுவர் அணியிலிருந்தே ஆட்டக்காரரை வளர்த்து, வயது வந்தபின் வேலையும் கொடுக்கின்றன. என்.பி.ஏ.வுக்குப் போகாதவனுக்கும் லுவாண்டாவில் ஒரு வாழ்க்கை உண்டு. தேசிய அணியின் பாதிப் பேர் ஆண்டு முழுவதும் ஒருவரோடொருவரோ எதிரெதிராகவோ ஆடிக்கொண்டே இருப்பார்கள். 2024இல் கண்டத்தின் கிளப்புகள் மோதும் ஆப்பிரிக்கக் கூடைப்பந்து லீக்கை பெட்ரோ வென்றதைத் தனியான வெற்றியாக நான் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு தேசிய அணி வென்றதோடு சேர்த்தே பார்க்கிறேன்.

எகிப்து, துனிசியா இரண்டுக்கும் இது பொருந்தும். அந்த லீக்கின் முதல் மூன்று பட்டங்களும் வடக்கே போயின: 2021இல் ஸமாலெக், 2022இல் மொனாஸ்திர், 2023இல் அல் அஹ்லி. மாலியின் கிளப்புகளும் வெறுங்கையோடு திரும்பவில்லை; ஸ்தாத் மாலியன் 2023இல் மூன்றாம் இடம் பிடித்தது. ஆனால் பமாகோவில் இருபது வயது ஆட்டக்காரன் தன் குடும்பத்தைக் காப்பாற்றும் அளவுக்குக் கூடைப்பந்து சம்பளம் கொடுப்பதில்லை. அதனால் மாலி பதினெட்டு வயதுவரை வளர்த்து, அதன்பின் உலகத்துக்குக் கொடுத்துவிடுகிறது.

கரிசல்

அப்படியானால் 2025 ஆகஸ்டை எப்படி விளக்குவீர்கள்? லுவாண்டாவில் மாலி ஆடவர் ஆஃப்ரோபாஸ்கெட் இறுதிக்கு வந்தார்களே! சம்பள லீக் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

நடுக்கோடு

நியாயமான கேள்வி. வந்தார்கள், அங்கோலாவிடம் 43-70 என்று தோற்றார்கள். 43 புள்ளிகள் என்பது ஓர் இறுதி ஆட்டத்துக்கு மிகக் குறைவு; நான் மேலே சொன்ன வேறுபாடு அந்த எண்ணிலேயே தெரிகிறது என்றுகூட வாதிடலாம். ஆனால் இறுதிக்கு வந்ததே என் வாதத்தில் ஓர் ஓட்டை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் ஊகம் இது, ஊகம் மட்டுமே: 2018, 2019இல் பதினெட்டைத் தொட்டவர்கள் இப்போது இருபத்தைந்தை ஒட்டி நிற்கிறார்கள். பல்கலைக்கழகப் படிப்பு முடிந்து, தொழில்முறை ஒப்பந்தங்களில் ஓரளவு நிலைத்து, கோடையில் நாட்டுக்கு வருவதற்குத் தங்கள் வாழ்க்கையில் இடம் செய்துகொள்ளும் வயது. அங்கோலா இருபது வயதிலேயே சேர்த்துவைக்கும் அணியை, மாலி இருபத்தைந்தில்தான் மீண்டும் கூட்ட முடிகிறது. நடுவில் போன ஆறு ஆண்டுகள்தான் நான் முதலில் கேட்ட "காணாமல் போகும்" காலம்.

போர்ட் லூயி வாசி

இதை ஏற்றால், அடுத்து வருகிறவர்களுக்கும் இதே இடைவெளிதான் காத்திருக்கிறது. 2023இல் மொனாஸ்திரில் நடந்த 16 வயதுப் போட்டியில், பெரும்பாலோர் எதிர்பார்க்காத கினி, எகிப்தை வென்று பட்டம் எடுத்தது; அடுத்த ஆண்டு இஸ்தான்புல்லில் 17 வயது உலகக் கோப்பையில் ஆடியது. 2024இல் பிரிட்டோரியாவில் நடந்த 18 வயதுப் போட்டியிலிருந்து கமரூனும் மாலியும் 2025 லோசான் உலகக் கோப்பைக்குச் சென்றன. கினியின் அந்தப் பையன்கள் இப்போது எந்த நாட்டில், எந்தப் பள்ளியில் ஆடுகிறார்கள் என்று தேடினால் நடுக்கோடு சொல்வதைச் சோதித்துப் பார்க்கலாம். கினியின் தலைநகர் கொனாக்ரியில் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்பதே கணக்கு.

முன்னாள் நடுவர்

நல்ல யோசனை. அந்தப் பன்னிரண்டு பேரின் பட்டியல் ஃபீபாவின் பக்கத்தில் இருக்கிறது. 2019 மாலி அணியின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொருவரும் அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஆடிய கிளப்புகளை எழுதிக்கொண்டு வருகிறேன். இரண்டு வாரம் கொடுங்கள். பெயர்களின் எழுத்துக்கூட்டல் நாட்டுக்கு நாடு மாறுவதால் தேடுவது சற்றுத் தொல்லை.

கரிசல்

நடுவர் ஐயா பட்டியலோடு வருவதற்குள் நான் ஒன்று செய்கிறேன். பிரான்சோடு மாலி ஆடிய அந்த அரையிறுதியை நான் இதுவரை பார்த்ததில்லை. புள்ளிகளை மட்டும் படித்துவிட்டுத்தான் இவ்வளவும் எழுதினேன். முழு ஆட்டம் எங்கேனும் கிடைக்குமா?

தென்றல்

ஃபீபாவின் யூடியூப் பக்கத்தில் தேடுங்கள், இளையோர் ஆட்டங்களை அவர்கள் முழுமையாகவே பதிவேற்றுகிறார்கள். மாலியின் காவலர்கள் (பந்தைக் கொண்டுசெல்லும் பின்வரிசை ஆட்டக்காரர்கள்) எதிரணியின் பந்தை எந்த இடத்தில் மறிக்கத் தொடங்குகிறார்கள் என்பதை மட்டும் முதல் ஐந்து நிமிடம் கவனியுங்கள், பந்தைப் பார்க்காதீர்கள்.